முதல் மாதத்தில் வராத வக்கீல்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வெட்டிக்கொண்டு போகும் இடம் நசரத்பேட்டை. ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. தெற்கே குன்றத்தூர் பக்கம் போனால் காஞ்சிபுரம் மாவட்டம். பூந்தமல்லி தாண்டிக் கிழக்கே போரூர் போனால் சென்னை மாவட்டம். மேற்கே ஸ்ரீபெரும்புதூர், மறுபடியும் காஞ்சிபுரம். வாடகைக்குக் குடியிருந்து ஒரகடம் வரை ஷிப்ட்டுக்குப் போய்வருகிறவர்கள் இந்த எல்லைக்கோடுகளைக் கவனிப்பதில்லை. அட்வான்ஸ் கட்டுப்படியானால் வீட்டை மாற்றிவிடுவார்கள். கணவனும் மனைவியும் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற சண்டை வரும்போதுதான் கோடு கண்ணுக்குத் தெரியும். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குரிய கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும் என்கிறது 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. நசரத்பேட்டையில் எல்.கே.ஜி. படித்த பிள்ளை இப்போது தாத்தா வீட்டில், வேறு மாவட்டத்தில் இருந்தால், அதன் வழக்கமான வசிப்பிடம் எது? முதல் வாரத்தில் கேட்டால் விடை சுலபம். ஒரு கல்வியாண்டு கழித்துக் கேட்டால் அதுவே ஒரு வழக்கு. பிள்ளையின் பொறுப்புக்காகப் போராடும் பெற்றோருக்குச் சட்ட உதவி என்றால், விசாரணையில் எழுந்து நின்று பேச ஒரு வக்கீலை அமர்த்தித் தருவது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உதவி உண்மையில் தேவைப்படுவது மனுவுக்கு நம்பர் விழுவதற்கு முன்னால், பிரிந்த முதல் மாதத்தில். அதற்குப் பிறகு வரும் உதவி ஆறின கஞ்சி.

எந்தக் கோர்ட்டு என்ற கேள்வி எவ்வளவு கொடியது என்பதற்கு நம்மூர் வழக்கே ஒன்று இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபையில் பணிபுரிந்த ஜிட்டு நாராயணய்யா, தம் இரண்டு மகன்களின் பொறுப்பை 1910 மார்ச்சில் கடிதம் எழுதி அன்னி பெசன்ட்டிடம் ஒப்படைத்தார். மூத்தவர்தான் பிற்பாடு உலகறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. பெசன்ட் 1912-ல் பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். மனம் மாறிய தகப்பனார் அதே ஆண்டு அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அவருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல், பிள்ளைகளைத் தகப்பனாரிடம் ஒப்படைக்கச் சொன்னார். அக்டோபரில் அப்பீலிலும் தகப்பனாருக்கே வெற்றி. 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. வழக்குப் போட்டபோது பையன்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வசிக்கவில்லை, ஆகவே அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது என்பது தீர்ப்பின் ஆணிவேர். அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயது. தகப்பனார் இரண்டு கோர்ட்டுகளில் ஜெயித்தார்; பிள்ளைகள் திரும்பி வரவில்லை. சி.பி.யைப் போன்ற வக்கீல் இருந்தும் இந்தக் கதி.

நூறு வருஷத்துக்கு முந்தைய குழப்பம், இப்போது தெளிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம் 1984-ல் வந்தது. அந்தச் சட்டம் வந்த பிறகும் சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் பிள்ளையின் பொறுப்பு கேட்டு மனுப் போடலாமா என்ற கேள்விக்கு 2022 செப்டம்பரில்தான் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து விடை சொன்னார்கள். போடலாம் என்றது மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மை. ஐந்து நீதிபதிகளே ஒத்துப்போகாத கேள்வியை, இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒரு தகப்பனோ, கார்மென்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒரு தாயோ தானாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பிள்ளையின் நலனே தலையாயது என்பதில் மட்டும் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. 13-ஆம் பிரிவு நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. தகப்பன்தான் முதல் பாதுகாவலர் என்ற பழைய எண்ணத்தை, கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் அசைத்தது. தகப்பன் உயிரோடிருந்தும் பிள்ளையைப் பற்றி அக்கறை கொள்ளாத நிலையில் தாயே இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்றானது. அதற்கு வெகு முன்பே, 1973-ல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து அப்பீலாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றவர்களின் உடைமையும் இல்லை, விளையாட்டுச் சாமானும் இல்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம் என்று வழிகள் வேறானாலும் கோர்ட்டுகள் வந்து சேரும் இடம் அதே நலன்தான். ஆக, இந்த வழக்குகளில் சட்டக் கேள்வி சிறியது, நிகழ்வுக் கேள்விதான் பெரியது. பிள்ளை இப்போது எங்கே தூங்குகிறது, எந்தப் பள்ளிக்குப் போகிறது, யாரைத் தேடி அழுகிறது?

இந்தக் கேள்விகளுக்கான விடையை ஒவ்வொரு வாய்தாவும் மாற்றிக்கொண்டே போகிறது. பணத் தகராறில் பத்து வருஷம் கழித்து வரும் தீர்ப்பு வட்டியோடு வரும். பிள்ளை விஷயத்தில் தாமதத்துக்கு ஈடு கிடையாது. தாமதமே ஆதாரமாகவும் மாறிவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 2017-ல் முடித்துவைத்த விவேக் சிங் - ரோமானி சிங் வழக்கைப் பாருங்கள். 2010-ல் பிரிந்தபோது பெண் குழந்தைக்கு 21 மாதம். தகப்பனிடம் இருந்தது. தாயிடம் சேர்க்கச் சொல்லி இறுதித் தீர்ப்பு வந்தபோது அதற்கு எட்டு வயது. தாயிடம் பழகவே வாய்ப்பில்லாமல் போன குழந்தை தாயிடம் போக மாட்டேன் என்றால், அதை அதன் சொந்த விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று கோர்ட்டு யோசிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாய்க்கு நீதிபதிகளின் இந்த யோசனை கைகொடுத்தது. 2024 மார்ச்சில் ஒடிசா வழக்கு ஒன்றில், கைக்குழந்தையிலிருந்தே அத்தை குடும்பத்தில் வளர்ந்து 14 வயதைத் தொட்ட பெண்ணை, பெற்ற தகப்பனிடம் பிடுங்கித் தர அதே நீதிமன்றம் மறுத்தது. இரண்டு தீர்ப்புகளுமே நியாயம் என்பதுதான் சங்கடம். இருக்கும் இடத்தில் பிள்ளை வேர்விட்டுவிட்டால் சட்டம் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆகவே, முதலில் யார் கையில் பிள்ளை இருக்கிறதோ அவருக்கு நாள் கடத்துவதே லாபம்.

அந்த முதல் கை எப்படி அமைகிறது? பெரும்பாலும் சத்தமில்லாமல். காலாண்டு லீவுக்குப் பிள்ளையைச் சொந்த ஊருக்குக் கூட்டிப்போன ஒருவர், பள்ளி திறந்தும் அனுப்புவதில்லை. அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடுகிறார். டி.சி. இல்லாமல் எப்படிச் சேர்ப்பார்கள் என்று இங்கிருப்பவர் நினைத்துக்கொண்டிருப்பார். டி.சி. வரத் தாமதமானதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. இடம்பெயரும் தொழிலாளர் பிள்ளைகளுக்காக வந்த நல்ல விதி; இங்கே இன்னொரு வேலைக்கும் உதவுகிறது. அடுத்து போலீஸ் ஸ்டேஷன். நசரத்பேட்டை 2022 முதல் ஆவடி கமிஷனரேட்டின் கீழ் வருகிறது. எந்த கமிஷனரேட்டாக இருந்தாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “இது சிவில் மேட்டர், கோர்ட்டுல பாத்துக்குங்க.” அந்தப் பதிலைக் குறை சொல்லவும் முடியாது. கோர்ட்டு உத்தரவு எதுவும் இல்லாத நிலையில், பெற்றவரே பிள்ளையைக் கூட்டிப்போனதைச் சாதாரணமாகக் கடத்தல் என்று பதிய முடியாது. பிறகு இரு வீட்டுப் பெரியவர்களின் பஞ்சாயத்து. ஆடி போகட்டும், பொங்கல் கழியட்டும் என்று மாதங்கள் ஓடும். கடைசியில் வக்கீல் ஆபீசுக்குப் போனால், அங்கே முதலில் தயாராவது டைவர்ஸ் மனு, அப்புறம் ஜீவனாம்சம், நகை - சீர் பட்டியல். பிள்ளை விஷயம் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி. மறுதரப்பும் அதையே செய்யும். இத்தனைக்குள் பிள்ளை புதுப் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு எழுதிவிடும்.

இந்த மாதங்களைக் காப்பாற்றச் சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 1890 சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மூல மனு நிலுவையில் இருக்கும்போதே தற்காலிகப் பொறுப்பை முடிவு செய்ய இடம் தருகிறது. திருமண வழக்கு நடந்துகொண்டிருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். பிள்ளையின் பராமரிப்பு, படிப்புச் செலவு கேட்கும் இடைக்கால மனுவை, நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து முடிந்தவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வன்முறை நடந்த வீடென்றால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். மனுக் கிடைத்து மூன்று நாளில் முதல் விசாரணை வைப்பதே அதன் நெறி, 21-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டே பிள்ளையைத் தற்காலிகமாக ஒப்படைக்க உத்தரவிடலாம். உரிமையே இல்லாத மூன்றாமவர் பிள்ளையைத் தர மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு செல்லும் என்பதை 2019-ல் தேஜஸ்வினி கௌட் வழக்கு உறுதிப்படுத்தியது. தாயின் சகோதரிகளிடமிருந்து குழந்தையைத் தகப்பன் மீட்ட வழக்கு அது. இந்த நாலில் எது தமக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் மாதத்தின் வேலை. தப்பான கதவைத் தட்டினால், நாராயணய்யா ஒன்றரை வருஷம் கழித்துக் கண்டதை இவர்களும் காண்பார்கள்.

இலவசமாக இதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா? சட்டப்படி இருக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கும் பெண்ணும் கேட்கலாம். ஆண்களுக்கு வருமான உச்சவரம்பு உண்டு என்பதைப் பலர் அறிவார்கள். அதே பிரிவில் ஆலைத் தொழிலாளர் தனி வகையாகவே இடம்பெற்றிருப்பதை அவ்வளவு பேர் அறிய மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த இந்தப் பக்கத்தில், பட்டியலின, பழங்குடியினத் தகப்பன், மாற்றுத்திறனாளித் தகப்பன், ஆலைத் தொழிலாளியான தகப்பன் ஆகியோரும் உரிமையோடு கேட்கலாம் என்பது சிறிய செய்தி இல்லை. பூந்தமல்லி கோர்ட்டு வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம். சட்ட விஷயம் எதிலும் ஆலோசனை சொல்வதும் சட்டப் பணியே என்று அந்தச் சட்டம் தெளிவாகவே வரையறுக்கிறது. ஆனால் நடைமுறையின் புத்தி வழக்கு எண்ணைச் சுற்றியே ஓடுகிறது. வழக்கு வந்துவிட்டதா, எந்தக் கோர்ட்டு, எப்போது வாய்தா, வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். இன்னும் வழக்கே ஆகாத ஒரு தகராறோடு வருகிறவரிடம், பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளியின் போனஃபைடு சான்று, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை இன்றே நகலெடுத்து வையுங்கள்; இவைதான் பிள்ளை நசரத்பேட்டையில் வசித்ததற்குச் சாட்சி என்று சொல்ல அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் கேட்கிறேன்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம்: ஆரம்பத்திலேயே வக்கீலைக் கொண்டுவந்தால் சேர வேண்டிய குடும்பமும் சேராது. குடும்ப நல நீதிமன்றச் சட்டமே 13-ஆம் பிரிவில் வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகத் தரவில்லை. 9-ஆம் பிரிவு சமரசத்தை முதலில் வைக்கிறது. இந்தியாவிலேயே முதலாவதாகக் கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. சமரசத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் தன் உரிமை என்னவென்று தெரியாமல் மீடியேஷன் மேஜையில் உட்கார்கிறவர் சமரசம் பேசுவதில்லை, தலையாட்டுகிறார். பிள்ளை எதிராளியின் வீட்டில் இருக்கும்போது அந்தத் தலையாட்டல் இன்னும் வேகமாக வரும். வாரம் இரண்டு நாள் பார்க்கலாம், தினம் வீடியோ காலில் பேசலாம் என்று ஒரு இடைக்கால ஏற்பாடு கையில் இருந்தால் சேர்வதைப் பற்றியும் பதற்றமில்லாமல் பேச முடியும். பொறுப்பு கிடைக்காத பெற்றவரோடு பிள்ளை வீடியோ காலில் பேசவாவது வகை செய்ய வேண்டும் என்று 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த எண்ணத்தில்தான்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அடித்துத் துரத்திய கணவனுக்கும் அரசு செலவில் வக்கீலா? அவன் பிள்ளையைச் சாக்காக வைத்து மனைவியைக் கோர்ட்டு வாசலில் அலைக்கழிக்க மாட்டானா? அலைக்கழிப்பான்; அலைக்கழிக்கிறார்கள். ஆனால் காசுள்ளவன் அதை இலவச உதவி இல்லாமலேயே செய்கிறான். உதவியை மறுப்பதால் அடங்குபவன் ஏழைத் தகப்பன் மட்டுமே. அவர்களில் கை நீட்டாதவர்களும் உண்டு. வன்முறையாளனைத் தடுக்கும் கருவி வேறு இடத்தில் இருக்கிறது. தகப்பன் வந்து பார்ப்பதே பிள்ளைக்குத் தீங்கு என்று கருதினால் மாஜிஸ்திரேட் அதை மறுத்தே ஆக வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் அதே 21-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் காட்டி முதல் வாரத்திலேயே மனுப் போட அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லித்தந்தார்களா என்பதே கேள்வி. முந்தி வரும் உதவியால் அதிகம் பயனடைவது, பிள்ளையை விட்டுவிட்டு உயிர் தப்பி ஓடிவந்த தாய்தான்.

அவசர உத்தரவும் பிள்ளையை ஓரிடத்தில் வேரூன்ற வைத்துவிடாதா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். வைத்துவிடும். இந்த ஆட்சேபத்தை நான் முழுசாக ஒதுக்க முடியாது. அதனால்தான் இடைக்கால உத்தரவில் மறுபரிசீலனைத் தேதியும் சேர்ந்தே இருக்க வேண்டும். உத்தரவு நுணுக்கமாகவும் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கோர்ட்டு வளாகத்தில் பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதுவது சுலபம். வாரத்துக்கு வாரம் ஏ, பி, சி ஷிப்ட் மாறுகிறவருக்கு அந்த ஒரு வரி சில வாரங்களில் சம்பளப் பிடித்தம், சில வாரங்களில் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கமில்லாமல் இரண்டு பஸ் மாறிப் போவது. நாலு தடவை தவறினால், பிள்ளை மேல் அக்கறையில்லை என்று எதிர்த்தரப்பு எழுதிவிடும். ஷிப்ட் அட்டவணையை மனுவோடு இணைக்க வேண்டும், பிள்ளையை எங்கே யார் ஒப்படைப்பது, பரீட்சை நேரத்தில் என்ன செய்வது, தீபாவளி யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். எழுத வேண்டியதை விட்டு வேண்டாததை எழுதினால் என்ன ஆகும் என்பதையும் 2022-ல் பார்த்தோம். பிள்ளையைப் பார்க்க வரும் கணவரை விருந்தாளியாக உபசரித்துப் பலகாரமும் சாப்பாடும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மனைவிக்குச் சொல்ல, அந்தப் பகுதியை டிவிஷன் பெஞ்ச் நீக்கியது. முறுக்கு தருவதா வேண்டாமா என்பதில் ஒரு அப்பீல் போயிற்று.

இலவச வக்கீல் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற பேச்சு எங்கும் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தக் குறை விசாரணை நீள நீளத்தான் பெரிதாகும். முதல் மாத ஆலோசனைக்கும் ஒரு இடைக்கால மனுவுக்கும் வேண்டியது வாதத் திறமையை விடச் சரியான விவரம். அதைப் பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலரே பாதி செய்துவிடலாம், வக்கீல் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளித் தலைமையாசிரியருக்கும் மகளிர் காவல் நிலையத்துக்கும் அங்கன்வாடிக்கும் அந்தத் தன்னார்வலருடைய நம்பர் தெரிந்திருந்தால் போதும். தகராறு முதலில் தெரியவருவது அங்கேதான். கோர்ட்டுக்கு அது கடைசியில்தான் தெரியும்.

இதையெல்லாம் சொல்லும்போதும் நாம் தாய்க்கு வக்கீல், தகப்பனுக்கு வக்கீல் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். 1914-ல் பிரிவி கவுன்சில் சொன்னவற்றில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி ஒன்று உண்டு. அந்தப் பையன்களை வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கவும் இல்லை, அவர்கள் விருப்பத்தைக் கேட்கவும் இல்லை என்று அது குறைபட்டது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கோர்ட்டு கருத்தில் கொள்ளலாம் என்று 1890 சட்டத்தின் 17-ஆம் பிரிவு அன்றைக்கே சொல்லியிருந்தது. 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைப் பரிந்துரைத்தது. பாராளுமன்றம் அதை இன்னும் சட்டமாக்கவில்லை. அதுவரை காத்திருக்கத் தேவையும் இல்லை. இலவச சட்ட உதவிக்கு உரியவர் பட்டியலில் குழந்தை தனியாகவே இருக்கிறது, எந்த வரம்பும் இல்லாமல். பொறுப்பு கேட்டு மனு வரும் ஒவ்வொரு வழக்கிலும் பிள்ளைக்கென்று ஒரு வக்கீலை ஆணைக்குழுவிடமிருந்து கோர்ட்டே கேட்டு வாங்கலாம். அவர் இரு வீட்டுக்கும் ஒரு முறை போய்வரலாம், வகுப்பாசிரியரைப் பார்க்கலாம், பிள்ளையோடு தனியாகப் பேசலாம், முதல் வாய்தாவுக்குள் இரண்டு பக்க அறிக்கை தரலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை; மாவட்ட நீதிபதியே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர்.